பினாங்குக்குப் பாடம் நடத்தப் போகும் ஆசிரியைக்கு

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு கட்டடக்கலைக் கல்லூரியில் விரிவுரையாளராக இருக்கிறேன். வரும் ஜனவரியில் மாணவர்கள் 14 பேருடன் மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜார்ஜ் டவுனுக்கு ஆறு வார வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் பாடம் நடத்தப் போகிறேன். இன்னோர் ஆசிரியரும் உடன் வருகிறார். காலையில் வகுப்பு, பிற்பகலில் வரைபடப் பயிற்சி. எனக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். ஊரைச் சுற்றிப் பார்க்க ஆசை. ஆனால் கல்லூரிச் செலவில் போய்விட்டு ஊர் சுற்றுவதா என்று மனம் உறுத்துகிறது. என் கணவரின் பாட்டையா பினாங்கில் கொண்டுவிற்றவர், அதாவது வட்டிக்கடைத் தொழில் செய்த நகரத்தார். அதனால் அவர் கடை இருந்த பொதுக்கூடமான கிட்டங்கியைக் கண்டுபிடித்துப் படம் எடுத்து வா, அங்குள்ள முருகன் தண்ணீர்மலையானைக் கும்பிட்டு வா என்று வீட்டில் சொல்கிறார்கள். தனியாக நடக்கவும் சற்று அச்சமாக இருக்கிறது. எதை எப்படித் திட்டமிடுவது?
(ஒரு வாசகி, கோட்டையூர்)

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உறுத்தலை முதலில் தீர்த்துக்கொள்வோம். அது மனத்தில் இருக்கும்வரை நீங்கள் எந்தத் தெருவையும் நிம்மதியாகப் பார்க்க மாட்டீர்கள். ஜார்ஜ் டவுனின் கட்டடங்களைப் பற்றித்தான் வகுப்பு எடுக்கப் போகிறீர்கள். அந்தத் தெருக்களில் நீங்கள் நடக்காமல் மாணவர் முன்னால் நின்று பேசினால், அந்தப் பேச்சைக் கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்தே பேசியிருக்கலாம். 14 பேருக்கு விமான டிக்கெட் எடுத்திருக்கத் தேவையில்லை. எனவே ஊர் பார்க்கும் நேரத்தை ஒளித்து மறைத்துத் திருடாதீர்கள். கால அட்டவணையிலேயே எழுதிவிடுங்கள்: வாரத்தில் ஒரு பிற்பகல் உங்களுக்கு, ஒரு பிற்பகல் உடன் வரும் ஆசிரியருக்கு. ஒருவர் வெளியே இருக்கும்போது மற்றவர் மாணவர்களோடு இருப்பார். இதைப் புறப்படுமுன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்கள். மாணவர்களிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். தங்கள் ஆசிரியர் வாரந்தோறும் கற்றுக்கொள்ளப் போகிறார் என்பது அவர்களுக்குத் தெரிவது நல்லது.

மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆறு வாரம் காகிதத்தில்தான் நீளம். முதல் வாரம் அறை, சிம் கார்டு, ஒருவருக்கு வயிற்றுக் கோளாறு, இன்னொருவருக்கு வீட்டு நினைப்பு என்று போய்விடும். கடைசி வாரம் மதிப்பீடும் மூட்டை கட்டுவதுமாகக் கழியும். நடுவில் கிடைக்கும் நான்கு பிற்பகல்களில் தீவு முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். பினாங்கு மலைக்கு ஏறும் கயிற்றிழுவை ரயில், கடற்கரை விடுதிகள், பட்டாம்பூச்சிப் பண்ணை எல்லாம் மாணவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அடங்கிவிடும். உங்கள் பிற்பகல்களை ஒரு சிறு பகுதிக்கே கொடுங்கள். கடற்கரைத் தெருவான லெபு பந்தாயிலிருந்து பினாங்கு தெரு வழியாக மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை வரை. சுறுசுறுப்பாக நடந்தால் கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடக்கூடிய இடம். அதையே காலையில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, கடை அடைக்கும் நேரத்தில் ஒரு தடவை என்று திரும்பத் திரும்ப நடங்கள்.

ஏன் அந்தப் பகுதி? லெபு பந்தாயில் வங்கிகளின் கல் கட்டடங்கள் நிற்கின்றன. பெயருக்கேற்ப அதுதான் ஒரு காலத்தில் கடலோரம். 1880-களில் கடலைத் தூர்த்து வெல்ட் கரையை உண்டாக்கிய பிறகு தெரு உள்ளே தள்ளிப்போனது. அந்த வங்கிகளுக்கு இணையாக ஓடுவது பினாங்கு தெரு. கிட்டங்கிகள் இருந்த தெரு. பிரிட்டிஷ் வங்கிகளில் கடன் வாங்கி, அந்த வங்கிகள் வாசலில்கூட நிற்கவிடாத சிறு கடைக்காரர்களுக்கும் ரப்பர்த் தோட்டக்காரர்களுக்கும் நிலக்காரர்களுக்கும் கடன் கொடுத்ததுதான் நகரத்தார் தொழில். வங்கித் தெருவுக்கும் கிட்டங்கித் தெருவுக்கும் இடையே உள்ள அந்தச் சில நிமிட நடையில்தான் பணம் கைமாறியது. நாம் செட்டிநாட்டில் முகப்பையும் தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் காட்டி மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறோம். அந்தப் பளிங்குக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை இந்த இரண்டு தெருக்களில் நின்றுதான் விளக்க முடியும்.

கிட்டங்கியின் உள்ளமைப்பையும் அங்கே வைத்துச் சொல்லுங்கள். நீண்ட ஒரு கூடம். பல விலாசங்களின், அதாவது முதலெழுத்துகளால் அறியப்பட்ட நிறுவனங்களின், கடைகள் அதில் வரிசையாக. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு கைமேசை, உட்காரும் இடம், அவ்வளவே. கடையை நடத்தும் மேலாள், அவருக்குத் துணையான அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று ஆட்கள். சமையல் பொதுவாக நடக்கும், கணக்கு தனித்தனியாக இருக்கும். நம் வளவு வீட்டில் இது தலைகீழ். கூரை ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் வேறு வைத்த ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமாகித் தனிக்கணக்கான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அடுப்பு. ஊரில் அடுப்பைப் பிரித்துக்கொண்ட ஆட்களே கடல் கடந்த இடத்தில் அடுப்பைச் சேர்த்துக்கொண்டு பெட்டியைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கட்டடம் ஏன் இப்படி இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்க வைப்பதற்கு இதைவிட நல்ல இணை எனக்குத் தெரியவில்லை.

இனி, நான் மிக வலியுறுத்திச் சொல்ல வேண்டியது. பினாங்கை 'நம்ம ஊர்' என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள். தமிழ்ப் பலகையும் மல்லிகைப் பூவும் இட்லிக் கடையும் இறங்கிய உடனே உங்களை வரவேற்கும். அதில் மனம் குளிர்வது இயல்பு. ஆனால் அந்தக் குளிர்ச்சியில் பார்வை நின்றுவிடுகிறது. குடும்பக் கதையோடு போகிறவர்களுக்கு இது இன்னும் கூடுதலாக நேர்கிறது. பாட்டையா உட்கார்ந்த இடத்தைத் தேடும் கண்ணுக்கு மற்றவர் உட்கார்ந்த இடம் தெரிவதில்லை. பினாங்கில் தமிழர் வரலாறு என்றால் நகரத்தார் அதில் ஒரு பகுதிதான். சூலியா தெரு என்ற பெயரே சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம் வணிகர்களைச் சொல்கிறது. அந்தத் தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா இருக்கிறது, தவறாமல் பாருங்கள். 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை எழுப்பியவர்களும் அவர்களே. குயின் தெருவின் மகா மாரியம்மன் கோயில் 1833-இல் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், எதிர்க்கரையில் கரும்பிலும் ரப்பரிலும் உழைத்தவர்கள், அதற்கும் முன்னால் இந்தியாவிலிருந்து கைதிகளாகக் கொண்டுவரப்பட்டுச் சாலை போட்டவர்கள் என்று எத்தனையோ பேர். இவர்களுக்குக் கிட்டங்கி இல்லை, முகப்பு வைத்த வீடு இல்லை, சந்ததியிடம் காட்டப் படமும் இல்லை. கட்டடக்கலை ஆசிரியருக்கு இது கடினமான இடம், ஏனென்றால் நாம் நிற்கும் கட்டடங்களைத்தான் பாடமாக்குகிறோம். சாலையும் வடிகாலும் துறையும் அவர்கள் கட்டியவை என்று ஒரு வகுப்பிலாவது சொல்லுங்கள்.

கடன் வாங்கியவர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை. அடமானம் வைத்த நிலங்கள் கைமாறும் நிலை வந்தது. மலாய் மாநிலங்களில் மலாய்க்காரருக்கென ஒதுக்கிய நிலத்தை மற்றவரிடம் அடமானம் வைக்க முடியாதபடி 1933-இல் சட்டத்தை இறுக்கினார்கள். உங்கள் மாணவர்களில் ஒருவர் இதைப் பற்றி அங்குள்ள மலாய் மாணவரிடமிருந்து கேள்விப்பட்டு வந்து உங்களைக் கேட்கலாம். அப்போது குடும்பத்துக்காக வாதாடாதீர்கள். தர்மமும் செய்தார்கள், பள்ளியும் கட்டினார்கள் என்பது உண்மை, இதுவும் உண்மை. இரண்டையும் சொல்லத் தெரிந்த ஆசிரியரைத்தான் மாணவர்கள் நம்புவார்கள்.

சீனர்களின் குல மன்றங்களுக்குப் போகும்போது உங்களுக்கு ஒரு நல்ல சாவி கையில் இருக்கிறது. கூ கொங்சி என்ற பெரிய குல மன்றம் கூ என்ற குலப்பெயர் உடையவர்களுக்கு உரியது. ஃபூஜியன் மாநிலத்து ஒரே கிராமத்திலிருந்து வந்த பங்காளிகள். 1901-இல் தீயில் அழிந்த பிறகு 1906-இல் முடிந்த கட்டடம்தான் இப்போது நாம் பார்ப்பது. முன்னோர் பெயர்ப் பலகைகளை வைத்து வணங்கும் இடம் அது. மரபாக ஒரே குலப்பெயருக்குள் திருமணம் கிடையாது. இளையாத்தங்குடி, மாத்தூர், வயிரவன்கோயில் என்று ஒன்பது கோயில் பிரிவுகளை அறிந்த, ஒரே கோயில் பங்காளிக்குள் பெண் எடுக்காத ஊரிலிருந்து போகும் மாணவர்களுக்கு இதை நீங்கள் பத்து நிமிடத்தில் புரிய வைத்துவிடலாம். அதோடு நிறுத்தாதீர்கள், வேறுபாட்டையும் அவர்களே தேடட்டும். சீனக் குலங்கள் பினாங்கிலேயே தங்கி, அங்கேயே பேரன் பேத்தி எடுத்து, அங்கேயே மன்றம் எழுப்பின. நகரத்தார் மேலாட்கள் குடும்பத்தை அழைத்துப் போகாமல், மூன்று ஆண்டுத் தவணையில் போய்த் திரும்பினார்கள். அதனால்தான் பெரிய வீடுகள் இங்கே எழுந்தன, அங்கே கிட்டங்கியும் கோயிலும் எழுந்தன. வெல்ட் கரையில் கடல்மேல் மரக்கால் நட்டுக் கட்டிய குலத்துறைக் குடியிருப்புகளையும் பாருங்கள். அங்கே வாசல் திறந்திருந்தாலும் அது ஒருவரின் வீடு. மாணவர்கள் உள்ளே கேமராவை நீட்டக்கூடாது என்று முன்பே கண்டிப்பாகச் சொல்லுங்கள். கானாடுகாத்தானில் நம் வீட்டுத் திண்ணையில் முன்பின் தெரியாதவர்கள் ஏறி நின்று படம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாடத்தில் இன்னொன்றை நீங்கள் சேர்க்காவிட்டால் நான் வருந்துவேன். அந்த ஊரின் கடைவீடுகள், அதாவது கீழே கடையும் மேலே வீடுமாக, முகம் குறுகி உள்ளே நீண்டு, நடுவில் வானம் பார்த்த முற்றத்தோடு இருப்பவை, எப்படி இத்தனை எண்ணிக்கையில் பிழைத்தன? அழகுணர்ச்சியால் மட்டும் அன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. பழைய வீடுகளின் வாடகையை உயர்த்த முடியாது. இடித்துக் கட்டினால் பயன் குறைவு. அதனால் உரிமையாளர்கள் இடிக்கவும் இல்லை, செலவு செய்து பழுதுபார்க்கவும் இல்லை. தச்சரும் தையற்காரரும் ஊதுவத்தி உருட்டுபவரும் சொற்ப வாடகையில் தலைமுறையாக இருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. வாடகை ஏறியது, குடியிருந்தவர்கள் வெளியேறினார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஜார்ஜ் டவுன் இடம்பெற்றது. பயணிகள் வந்தார்கள், விடுதிகளும் காபிக் கடைகளும் வந்தன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன, அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்கள் பலர் இப்போது அங்கில்லை.

இதை நம் ஊர்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014-இல் யுனெஸ்கோ அங்கீகாரத்துக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இங்கே சிக்கல் வேறு: ஒரு வீட்டுக்குப் பல புள்ளி, ஆளுக்கொரு ஊர், விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் பூட்டு, ஒருவர் சம்மதிக்காவிட்டால் ஓடு மாற்றவும் முடியாது. சில வீடுகள் விடுதிகளாயின. சில தூண் தூணாகக் கழற்றப்பட்டு விற்பனைக்கு வந்தன. உங்கள் மாணவர்கள் நாளை இந்த வீடுகளைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கப் போகிறவர்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டுக்காரர், வாடகை ஏறியபோது என்ன செய்தேன் என்று சொல்வதை அவர்கள் காதால் கேட்க வேண்டும். அப்படிப் பேசக்கூடிய ஒருவரை உங்கள் தனிப் பிற்பகல்களில் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே தெருவில் திரும்பத் திரும்ப நடக்கச் சொன்னதன் காரணங்களில் இதுவும் ஒன்று. நான்காம் முறை தேநீர் குடிக்க வருபவரிடம்தான் கடைக்காரர் வாய் திறப்பார்.

தைப்பூசம் நீங்கள் அங்கிருக்கும்போதே வந்துவிடும். உங்கள் வீட்டார் கேட்ட தண்ணீர்மலை தரிசனத்தை அந்த நாளோடு சேர்த்துவிடலாம். அது பாடமாகவும் அமையும். பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு தெருவிலுள்ள நகரத்தாரின் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டு, தண்ணீர்மலை அடிவாரத்திலுள்ள நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்கு நாள் முழுக்க ஊர்ந்து செல்லும். வழியெங்கும் தேங்காய் உடைப்பவர்களில் சீனர்கள் ஏராளம். மறுநாள் காவடிகள் படியேறுவது மலைமேலிருக்கும் இன்னொரு முருகன் கோயிலுக்கு. இரண்டு கோயில்களையும் மாணவர்கள் குழப்பிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களோ குடும்பத்தினரோ பழனிக்கு நடைப்பயணம் போயிருந்தால், காவடியும் வேலும் பாட்டும் எங்கெங்கே ஒத்துப்போகின்றன, எங்கெங்கே அந்த மண்ணுக்கேற்ப மாறியிருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அன்று வரைபடப் பயிற்சி வேண்டாம். தெருவை ரதத்துக்கு எப்படித் திறந்துவிடுகிறார்கள், தண்ணீர்ப் பந்தலை எங்கே போடுகிறார்கள், நிழல் எங்கே விழுகிறது என்பதைப் பார்த்து வரட்டும். மாணவர்களில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள்; கோயிலுக்குள் போவதும் போகாததும் அவரவர் விருப்பம்.

தனியாக நடப்பது பற்றி: பகலில் அந்தப் பகுதி நடப்பதற்கு நல்ல இடம். கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில் நிழலிலேயே போகலாம். சில இடங்களில் பைக்கும் மேசையும் வழியை மறித்தால் தெருவில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே கைப்பையைச் சாலைப் பக்கமாகத் தொங்கவிடாதீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உண்டு. இருட்டிய பிறகு ஆள் நடமாட்டமுள்ள தெருக்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாரம்பரியப் பகுதியைச் சுற்றி இலவச பஸ் ஓடுகிறது, கால் சோர்ந்தால் ஏறிக்கொள்ளலாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று உடன் வரும் ஆசிரியருக்குத் தெரிந்தால் போதும். உணவுக்குக் கவலை வேண்டாம். சைவம் மட்டும் சாப்பிடும் மாணவர்களுக்குத் தமிழ்க் கடைகளும் சீனச் சைவக் கடைகளும் இருக்கின்றன. மற்றவர்கள் அசைவக் குழம்புகளோடு வரும் நாசி கண்டார் சோற்றைத் தேடிக்கொள்வார்கள். இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கும் ஊர் அது என்பதை வீட்டாருக்கு நினைவுபடுத்துங்கள், இல்லாவிட்டால் இங்கே சாப்பாடு முடித்துவிட்டுச் செய்யும் அழைப்பு உங்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பும்.

கிட்டங்கித் தேடலை மாணவர் நேரத்தில் செய்யாதீர்கள்; ஒரு ஞாயிறு காலையை அதற்கு ஒதுக்குங்கள். 'பினாங்கு தெருவில் இருந்தார்' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டையாவின் கடை விலாசம் வேண்டும்; முதலெழுத்துகள் வரிசை பிசகாமல் வேண்டும். வீட்டில் பழைய உறை, ஐந்தொகை, பேரேடு, ஏதாவது ஒரு ரசீது இருந்தால் அவற்றின் படங்களை எடுத்துச் செல்லுங்கள். மாமியாரிடம் உட்கார்ந்து, பாட்டையா எந்த ஆண்டுகளில் போய் வந்தார், யாருடைய கடையில் அடுத்தாளாக இருந்தார், ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறினாரா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அங்கே கோயில் வீட்டில் விலாசத்தைக் காட்டிக் கேட்டால் விவரம் தெரிந்த மூத்தவர் யாரையாவது கைகாட்டுவார்கள். இடம் கிடைத்து, அங்கே இப்போது வேறொருவரின் கடை நடந்தால், உள்ளே போய் ஏதாவது வாங்கி, அனுமதி கேட்டுப் படம் எடுங்கள். கிடைக்காவிட்டால் தெருவின் இரு பக்கத்தையும் முழுமையாகப் படம் எடுத்து வந்து கொடுங்கள். வீட்டில் யாராவது ஒரு பெரியவருக்கு அடையாளம் தெரியலாம்.

கடைசியாக, புறப்படுமுன் செய்ய வேண்டியது ஒன்று. டிசம்பரில் ஒரு சனிக்கிழமை 14 பேரையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அழைத்துப் போங்கள். கழற்றி வந்த கதவுகளும் தூண்களும் பர்மா அரக்குக் கூடைகளும் எனாமல் பாத்திரங்களும் கடைவாசலில் அடுக்கியிருக்கும் அந்தத் தெருவில், ஆளுக்கு இருபது மீட்டர் நீளத்தைப் பிரித்துக் கொடுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு படம், ஒரு மணிக்கு ஒரு படம், மாலை ஏழு மணிக்கு ஒரு படம் வரையட்டும்: யார் எங்கே உட்கார்கிறார்கள், நிழல் எங்கே, எந்தப் பொருள் எந்த வீட்டிலிருந்து வந்ததாகக் கடைக்காரர் சொல்கிறார். நீங்களும் ஒரு இருபது மீட்டரை எடுத்துக்கொண்டு வரையுங்கள். அந்தத் தாள்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள். பினாங்கு தெருவில் முதல் வரைபடப் பயிற்சி அதே அளவில், அதே மூன்று நேரங்களில் நடக்கட்டும். இரண்டையும் அடுத்தடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.